மைக் முதல் மென்பொருள் வரை: சேலத்து வீட்டில் குரல் பதிவு, கோளாறு எங்கே என்று பிடிப்பது எப்படி

மோட்டார் ஓடியும் சமையலறைக் குழாயில் தண்ணீர் வரவில்லை என்றால் யாரும் முதலில் குழாயைக் கழற்றுவதில்லை. தொட்டி நிறைந்திருக்கிறதா, வால்வு திறந்திருக்கிறதா என்று மேலிருந்து ஒவ்வொரு இடமாகப் பார்த்துக்கொண்டு வருவோம். மைக்கில் குரல் ஏறாதபோதும் அதே வேலைதான். ஆனால் புதிதாக ரெக்கார்டிங் தொடங்குபவர்கள் கடைசிக் குழாயான மென்பொருளில்தான் முதலில் கை வைக்கிறார்கள். அழித்துவிட்டு மறுபடி நிறுவுகிறார்கள், எங்கோ பார்த்த டிரைவரை ஏற்றுகிறார்கள், எல்லாப் பட்டன்களையும் ஒரு சுற்றுத் திருகுகிறார்கள். அரை மணி நேரம் கழித்து, எது பழைய கோளாறு, எது தாங்களே உண்டாக்கியது என்று பிரித்துப் பார்க்க முடியாத நிலை வந்துவிடும்.

குரல் போகும் வழி இது: வாய், மைக், கேபிள், இன்டர்ஃபேஸ் பெட்டி (மைக்கின் சிக்னலைக் கம்ப்யூட்டருக்குப் புரியும்படி மாற்றித் தருவது), விண்டோஸ், ரெக்கார்டிங் மென்பொருள், கடைசியில் ஹெட்போன். யுஎஸ்பி மைக்காக இருந்தால் இன்டர்ஃபேஸ் மைக்குக்குள்ளேயே அடங்கியிருக்கும். பேசிக்கொண்டே இந்த வரிசையில் பாருங்கள். பெட்டியில் சிக்னல் விளக்கு எரிகிறதா? விண்டோஸ் சவுண்ட் பக்கத்தில் நீலப் பட்டை அசைகிறதா? மென்பொருளின் மீட்டர் ஏறுகிறதா? கடைசியாக அசைந்த இடத்துக்கும் முதலில் அசையாத இடத்துக்கும் நடுவில்தான் கோளாறு இருக்கிறது. ஒரு நேரத்தில் ஒரே ஒரு மாற்றம் செய்யுங்கள். பலன் இல்லையென்றால் பழையபடி வைத்துவிட்டு அடுத்ததற்குப் போங்கள்.

மைக்கும் அதன் பின்னும்

காலர் மைக்கில் தொடங்குபவர்கள்தான் அதிகம். போயா பிஒய்-எம்1 போன்றவற்றின் பின்னை உற்றுப் பாருங்கள். மூன்று கறுப்பு வளையம் இருந்தால் அது மொபைலுக்கான பின். இரண்டே வளையம் இருந்தால் கேமராவுக்கோ கம்ப்யூட்டரின் தனி மைக் துளைக்கோ உரியது. ஹெட்போனுக்கும் மைக்குக்கும் ஒரே துளை உள்ள லேப்டாப்பில் மூன்று வளையப் பின் வேலை செய்யும். மேசைக் கம்ப்யூட்டரின் இளஞ்சிவப்புத் துளையில் அதையே செருகினால் ஒன்று சத்தமே வராது, இல்லையென்றால் கிணற்றுக்குள்ளிருந்து பேசுவதுபோல வரும். அதற்கு ஹெட்போன், மைக் இரண்டையும் பிரிக்கும் சிறு அடாப்டர் தேவை. மைக் கம்பியின் நடுவில் உள்ள சிறு உருளையில் ஒரு ஸ்விட்ச் இருக்கும். மொபைலில் செருகும்போது அது ஸ்மார்ட்ஃபோன் பக்கம் இருக்க வேண்டும். கேமரா பக்கம் தள்ளினால் உள்ளே எல்ஆர்44 பேட்டரி இருந்தால்தான் மைக்குக்கு உயிர் வரும்.

அடுத்து, ஆன்லைனில் ஸ்டாண்டும் பஞ்சும் சேர்த்து விற்கும் பிஎம்-800 வகை மைக். இதில் ஏமாறுபவர்களுக்குக் கணக்கே இல்லை. இது கன்டென்சர் மைக். முறையாக வேலை செய்ய 48 வோல்ட் ஃபேன்டம் பவர், அதாவது கேபிள் வழியாகவே மைக்குக்குப் போகும் மின்சாரம், வேண்டும். கூடவே வரும் கேபிளோ ஒரு முனையில் எக்ஸ்எல்ஆர் (மூன்று முள் உள்ள வட்டப் பின்), மறுமுனையில் 3.5 மி.மீ. பின். அதை லேப்டாப்பில் செருகினால் கிடைப்பது சில வோல்ட் மட்டுமே. குரல் ஈனமாக வரும். விண்டோஸில் மைக்ரோஃபோன் பூஸ்ட்டை 30 டிபி ஏற்றினால் குரலோடு சேர்ந்து ‘உஸ்’ என்ற இரைச்சலும் ஏறும். மைக்கைக் குறை சொல்லிப் பயனில்லை; 48 வோல்ட் தரும் இன்டர்ஃபேஸ் ஒன்றையும், இரு முனையும் எக்ஸ்எல்ஆர் ஆன கேபிளையும் வாங்கினால் அதே மைக் வேறு ஆளாகிவிடும்.

கேபிளின் இரு முனையும் எக்ஸ்எல்ஆர் ஆக இருக்க வேண்டும் என்று அழுத்திச் சொல்வதற்குக் காரணம் உண்டு. மேடை மைக்கோடு வரும் எக்ஸ்எல்ஆர்-6.35 மி.மீ. கேபிளை இன்டர்ஃபேஸில் செருகிவிட்டு, 48 வோல்ட் விளக்கு எரிகிறதே, ஏன் குரல் வரவில்லை என்று தலையைப் பிய்த்துக்கொள்பவர்கள் பலர். ஃபேன்டம் பவர் எக்ஸ்எல்ஆர் துளை வழியாக மட்டுமே போகும். தடித்த 6.35 பின் வழியாகக் கன்டென்சருக்கு ஒரு துளி மின்சாரமும் போகாது.

ஷூர் எஸ்எம்58 போன்ற டைனமிக் மைக்குக்கு 48 வோல்ட் தேவையில்லை. ஆனால் அதற்குக் கெயின், அதாவது சிக்னலைப் பெருக்கும் அளவு, நிறைய வேண்டும். சிறிய இன்டர்ஃபேஸில் கெயின் குமிழியை முக்கால் பங்குக்கு மேல் திருப்பினால்தான் பேச்சு எழும். அது கோளாறில்லை, அந்த மைக்கின் சுபாவம்.

கன்டென்சர் மைக்கைச் செருகும்போதும் கழற்றும்போதும் முதலில் ஹெட்போன் ஒலியைக் குறையுங்கள், பிறகு 48 வோல்ட் பட்டனை அணையுங்கள், பத்து நொடி பொறுங்கள், அதன்பின் கேபிளைத் தொடுங்கள். இந்தப் பழக்கம் இல்லாவிட்டால் ‘டொப்’ என்று ஒரு வெடிப்பு காதில் இறங்கும்.

இன்னொரு தவறு பார்க்கச் சிரிப்பாக இருக்கும், ஆனால் பாதிப் பேர் செய்வது. ஆடியோ-டெக்னிகா ஏடி2020 போன்ற பெரும்பாலான தடித்த கன்டென்சர்கள் பக்கவாட்டில் கேட்பவை. ஐஸ்கிரீம் கோன்போல நுனியில் பேசக் கூடாது. மைக்கை நேராக நிறுத்தி, கம்பெனிச் சின்னம் உள்ள பக்கம் உங்கள் முகத்தைப் பார்க்கும்படி திருப்புங்கள். சின்னம் சுவரைப் பார்த்து நின்றால் குரல் மங்கும், அறை ஒலி பெருகும். சந்தேகமாக இருந்தால் ‘ஒன்று, இரண்டு, மூன்று’ என்று ஒரே குரலில் சொல்லிக்கொண்டே மைக்கை மெல்ல ஒரு சுற்றுச் சுற்றிப் பதிவு செய்து கேளுங்கள். எந்தப் பக்கம் முன்பக்கம் என்று காதே சொல்லிவிடும்.

யுஎஸ்பி கேபிள்

பெட்டியில் விளக்கு எரிகிறது, ஆனால் கம்ப்யூட்டருக்கு அப்படியொரு பொருள் வந்ததே தெரியவில்லை என்றால் முதலில் கேபிளை மாற்றுங்கள். மொபைல் சார்ஜரோடும் பவர் பேங்கோடும் வந்த சில கேபிள்களுக்குள் மின்சாரக் கம்பி மட்டும்தான் இருக்கும், டேட்டா கம்பி இருக்காது. கையிலிருக்கும் கேபிளால் மொபைலிலிருந்து கம்ப்யூட்டருக்கு ஒரு போட்டோவை மாற்ற முடிகிறதா என்று பாருங்கள். முடிந்தால் அது டேட்டா கேபிள். மவுஸ், கீபோர்டு, பென் டிரைவ் எல்லாம் தொங்கும் ஹப்பில் இன்டர்ஃபேஸைச் செருக வேண்டாம். மேசைக் கம்ப்யூட்டராக இருந்தால் பின்பக்கத் துளை நல்லது.

மொபைலில் பதிவு செய்பவர்களுக்கு ஒன்று: சில ஃபோன்களில் ஓடிஜி (மொபைலில் யுஎஸ்பி பொருளைச் செருகிப் பயன்படுத்த விடும் வசதி) கனெக்‌ஷனை செட்டிங்ஸில் போய் ஆன் செய்ய வேண்டும். பத்து நிமிடம் பயன்படுத்தாமல் வைத்தால் அது தானே அணைந்துவிடும். டீ குடித்துவிட்டு வந்து பார்த்தால் மைக் காணாமல் போயிருப்பதற்கு அதுதான் காரணம்.

விண்டோஸ் போடும் பூட்டு

விண்டோஸ் 11இல் செட்டிங்ஸ், பிரைவசி அண்ட் செக்யூரிட்டி, மைக்ரோஃபோன் என்று போங்கள். அங்கே மூன்று ஸ்விட்ச் இருக்கின்றன. மேலே உள்ள மைக்ரோஃபோன் ஆக்சஸ், அதன் கீழ் ஆப்களுக்கானது, எல்லாவற்றுக்கும் கடைசியில் டெஸ்க்டாப் ஆப்களுக்கானது. ஆடாசிட்டி, ரீப்பர் போன்ற ரெக்கார்டிங் மென்பொருள்கள் எல்லாம் டெஸ்க்டாப் ஆப் வகை. மேலே இரண்டும் ஆன், கீழே உள்ளது ஆஃப் என்றால் வீடியோ கால் ஆப்களில் சில நன்றாக வேலை செய்யும், ஆடாசிட்டி மட்டும் ‘எரர் -9999’ என்று நிற்கும். அந்த எண்ணைக் கண்டதும் மென்பொருளை அழிக்க வேண்டாம். பத்தில் எட்டுத் தடவை இந்த ஸ்விட்ச்தான்.

அடுத்து சிஸ்டம், சவுண்ட், இன்புட். சரியான மைக்கைத் தேர்ந்தெடுத்திருக்கிறதா பாருங்கள். லேப்டாப்பின் மூடியில் உள்ள குட்டி மைக்கையே விண்டோஸ் பிடித்துக்கொண்டிருக்கும். கண்டுபிடிக்க ஒரு எளிய வழி: வெளி மைக்கின் கம்பி வலையை நகத்தால் சுரண்டுங்கள், பிறகு லேப்டாப் மூடியைச் சுரண்டுங்கள். எதைச் சுரண்டும்போது பட்டை துள்ளுகிறதோ அந்த மைக்தான் பதிவாகிறது. இதைச் செய்யாமல், விலை கொடுத்து வாங்கிய மைக் முன்னால் உட்கார்ந்து ஒரு மாதம் லேப்டாப் மைக்கில் பதிவு செய்தவர்கள் உண்டு.

மைக்கின் பெயரைச் சொடுக்கினால் உள்ளே இரண்டு விஷயம். ஆடியோ என்ஹான்ஸ்மென்ட்ஸ் என்பதை ஆஃப் செய்யுங்கள். அது இரைச்சலைக் குறைக்கிறேன் என்று வாக்கியத்தின் கடைசி எழுத்தை விழுங்கும். பாட்டில் நீட்டிப் பிடிக்கும் ஸ்வரத்தை இரைச்சல் என்று நினைத்து அமுக்கும். ஃபார்மேட் என்ற இடத்தில் (ஒலியை ஒரு நொடிக்கு எத்தனை தடவை அளக்க வேண்டும் என்பது) 48000 ஹெர்ட்ஸ் அல்லது 44100 ஹெர்ட்ஸ், எது வேண்டுமோ அதை வைத்து, மென்பொருளிலும் அதையே வையுங்கள். இரண்டும் ஒத்துப்போகாவிட்டால் சில சமயம் பதிவே தொடங்காது, சில சமயம் கரகரக்கும். 44100இல் எடுத்ததை 48000 என்று நினைத்து ஓட்டினால் குரல் ஏறக்குறைய 9 சதவீதம் வேகமாகவும், ஒன்றரை அரைஸ்வரம் உயர்ந்தும் கேட்கும். ‘என் குரல் சின்னப் பையன் குரல் மாதிரி வருகிறது’ என்ற புகாருக்கு விடை இதுதான்.

ப்ளூடூத் ஹெட்செட்டைப் பதிவுக்கு நம்ப வேண்டாம். அதன் மைக்கைத் திறந்ததும் அது ஃபோன் பேசும் முறைக்கு மாறிவிடும். மைக், ஹெட்போன் இரண்டின் தரமும் டெலிஃபோன் அளவுக்கு இறங்கும். கேட்பதற்கு மட்டும் என்றாலும் ஒலி தாமதமாக வரும். ஐம்பது ரூபாய்க் கம்பி இயர்போன் இந்த வேலைக்கு அதைவிட மேல்.

ஆடாசிட்டியில் கவனிக்க வேண்டியவை

ஆடாசிட்டி 3.2க்குப் பிந்தைய 3 வரிசைப் பதிப்புகளில் ஆடியோ செட்டப் என்ற பட்டனுக்குள் எல்லாம் அடங்கும். ஹோஸ்ட் என்பது விண்டோஸிடமிருந்து ஒலியை வாங்கும் வழி; அந்த இடத்தில் எம்எம்இ இருந்தால் தொடங்குவதற்குப் போதும், தகராறு செய்தால் வாசாபி மாற்றிப் பாருங்கள். ரெக்கார்டிங் டிவைஸில் உங்கள் மைக்கைத் தேர்ந்தெடுங்கள். ஆடாசிட்டியைத் திறந்தபின் மைக்கைச் செருகியிருந்தால் பட்டியலில் அது இருக்காது. அதே பட்டனில் உள்ள ரீஸ்கேன் ஆடியோ டிவைசஸ் என்பதை அழுத்தினால் வரும். மைக்கை முதலில் செருகிவிட்டு மென்பொருளைப் பிறகு திறப்பது இன்னும் சுலபம்.

சேனல் மோனோவாக இருக்கட்டும். ஒரு வாய், ஒரு மைக். ஸ்டீரியோவில் எடுத்தால் இன்டர்ஃபேஸின் முதல் துளை இடது காதுக்கும், இரண்டாவது துளை வலது காதுக்கும் போகும். ஒரே மைக் என்பதால் ஒரு காதில் மட்டும் குரல், மறுகாதில் வெறுமை. ஏற்கெனவே அப்படி எடுத்துவிட்டீர்கள் என்றால் பதற வேண்டாம். டிராக்கின் மெனுவில் ஸ்பிளிட் ஸ்டீரியோ டு மோனோ கொடுத்து, வெறுமையான பாதியை நீக்கினால் சரியாகும்.

பேசும்போது உங்கள் குரல் இரண்டு தடவை, சற்றுத் தள்ளித் தள்ளிக் கேட்கிறதா? உங்கள் குரலை உங்களுக்கே கேட்க வைக்கும் வசதிகளான இன்டர்ஃபேஸின் டைரக்ட் மானிட்டர், மென்பொருளின் பிளேத்ரூ இரண்டும் ஆனில் இருக்கின்றன. பெட்டியில் உள்ளதை வைத்துக்கொண்டு மென்பொருளில் உள்ளதை அணையுங்கள். பெட்டிக்குள்ளேயே திரும்பும் ஒலிக்குத் தாமதம் கிடையாது.

சுருதிப்பெட்டியையோ தாளத்தையோ முன்னால் ஓடவிட்டு அதன்மேல் பாடுபவர்களுக்கு இன்னொரு தொல்லை. பாடும்போது தாளத்தோடு நின்றிருப்பீர்கள், திரும்பக் கேட்டால் குரல் பின்தங்கியிருக்கும். ஆடாசிட்டியில் இந்தத் தாமதத்தை ஈடுகட்ட லேட்டன்சி காம்பென்சேஷன் என்ற ஒரு எண் உண்டு. நிறுவும்போது அது -130 மில்லிசெகண்ட். உங்கள் கம்ப்யூட்டருக்கு அது பொருந்த வேண்டும் என்ற கட்டாயமில்லை. அளந்து பார்ப்பது இப்படி: ஜெனரேட் மெனுவில் ரிதம் டிராக் ஒன்றை உருவாக்குங்கள். ஹெட்போனின் ஒரு காதை மைக்கோடு ஒட்டிப் பிடியுங்கள். புதிய டிராக்கில் பதிவு செய்யுங்கள். இரண்டு டிராக்கிலும் ஒரே ‘டிக்’கைப் பெரிதாக்கிப் பார்த்து, நடுவில் எத்தனை மில்லிசெகண்ட் என்று அளவெடுங்கள். புதியது 40 பிந்தியிருந்தால் -130ஐ -170 ஆக்குங்கள். முந்தியிருந்தால் -90. ஐந்து நிமிட வேலை, பிறகு அந்த மைக்கும் ஹோஸ்டும் மாறும்வரை தொட வேண்டியதில்லை.

ரீப்பர் போன்ற மென்பொருளில் தாமதத்தைக் குறைக்கும் ஏசியோ டிரைவரைப் பயன்படுத்தலாம். இன்டர்ஃபேஸ் கம்பெனியே தரும் ஏசியோ இருந்தால் அதையே போடுங்கள். இல்லாதவர்களுக்குத்தான் ஏசியோ4ஆல். அங்கே பஃபர் அளவு என்று ஒன்று கேட்கும்; கம்ப்யூட்டர் ஒரு தடவைக்கு எவ்வளவு ஒலியைச் சேர்த்து வாங்குகிறது என்பதுதான் அது. 48000 ஹெர்ட்ஸில் 128 என்றால் சுமார் 2.7 மில்லிசெகண்ட், 256 என்றால் 5.3, 1024 என்றால் 21. குறைய வைத்தால் தாமதம் குறையும், ஆனால் பழைய லேப்டாப் மூச்சுத் திணறிப் ‘பட் பட்’ என்று வெடிக்கும். பதிவின்போது 256இல் தொடங்குங்கள். வெடித்தால் 512. எடிட்டிங்கின்போது 1024க்குப் போய்விடலாம், அப்போது தாமதத்தால் நட்டமில்லை. அப்படியும் வெடித்தால் வைஃபையை அணைத்துப் பாருங்கள், பேட்டரி சேவரை நீக்குங்கள், பிரவுசரை மூடுங்கள்.

அளவும் தூரமும்

வாய்க்கும் மைக்குக்கும் ஒரு சாண். விரலை விரித்து அளந்தால் ஏறக்குறைய 20 செ.மீ. டைனமிக் மைக்காக இருந்தால் அதில் பாதி. பேச்சுக் காற்றைத் தடுக்கும் வலையான பாப் ஃபில்டர் இரண்டுக்கும் நடுவில் நிற்கட்டும். மைக்கை மிக நெருங்கினால் அடிக்குரல் உப்பிக் கனக்கும், விலகினால் அறை உள்ளே வரும்.

கெயின் வைக்கும்போது மெதுவாகப் பேசிச் சரிபார்ப்பது வீண். நீங்கள் எடுக்கப்போவதில் உள்ள உரத்த வரியைச் சொல்லுங்கள். மீட்டரின் உச்சம் -12 முதல் -6 டிபிக்குள் நின்றால் போதும். சிவப்பைத் தொட்டால் அந்த இடம் பிசிறிப்போகும், பிறகு எந்த மென்பொருளாலும் அதை முழுதாக மீட்க முடியாது. ஆடாசிட்டியில் 32 பிட் ஃப்ளோட் (மிக உரத்த ஒலியையும் வெட்டாமல் சேமிக்கும் முறை) என்று எழுதியிருப்பதை நம்பி அசட்டையாக இருக்க வேண்டாம். பெட்டியிலேயே வெட்டுப்பட்ட குரல் உள்ளே வரும்போதே வெட்டுப்பட்டுத்தான் வரும்.

காற்று அடிக்கிறதா என்று சோதிக்கச் சேலத்துக்காரர்களுக்கு வாய்ப்பான வரி ஒன்று ஊரிலேயே இருக்கிறது: ‘பொன்னம்மாபேட்டை, செவ்வாய்ப்பேட்டை, பள்ளப்பட்டி, பட்டைக்கோயில்.’ இதைச் சொல்லி ஹெட்போனில் கேளுங்கள். ஒவ்வொரு ‘ப’விலும் ‘புஸ்’ என்று இடித்தால் மைக்கை வாய்க்கு நேராக வைக்காமல் கன்னத்தின் ஓரமாக 30 டிகிரி தள்ளி, முகத்தை நோக்கித் திருப்புங்கள். காற்று நேராகப் போய்விடும், குரல் மட்டும் மைக்குக்கு வரும். செவ்வாய்ப்பேட்டையின் ‘ப்பே’ இடிக்காமல் வந்தால் மற்ற எதுவும் இடிக்காது.

48000 ஹெர்ட்ஸ், 24 பிட், மோனோ என்றால் ஒரு நிமிடத்துக்கு 8.6 எம்பி, ஒரு மணி நேரத்துக்கு அரை ஜிபியைக் கொஞ்சம் தாண்டும். டிஸ்க்கில் இடம் இருக்கும்வரை சுருக்கப்படாத வேவ் கோப்பாகவே வைத்துக்கொள்ளுங்கள். எம்பி3 ஆக மாற்றுவது எல்லா வேலையும் முடிந்தபின், அனுப்புவதற்கு மட்டும்.

‘உம்’ என்ற சத்தம்

லேப்டாப்பில் பதிவு செய்யும்போது பின்னால் ‘உம்ம்’ என்று ஒரே ஸ்வரத்தில் கேட்டால் சார்ஜரைப் பிடுங்கிப் பாருங்கள். சத்தம் நின்றுவிட்டால் வீட்டு மின்சாரத்தின் 50 ஹெர்ட்ஸும் அதன் மடங்குகளும் சார்ஜர் வழியாகப் புகுந்திருக்கின்றன. இரண்டு பின் சார்ஜர், எர்த் இல்லாத பிளக் பாயின்ட், இரண்டும் சேர்ந்தால் இதற்கு வாய்ப்பு அதிகம். லேப்டாப்பின் உலோகப் பகுதியைத் தொட்டதும் சத்தம் குறைந்தால் சந்தேகமே வேண்டாம். பேட்டரியில் ஓட்டிப் பதிவு செய்வது உடனடி வழி. நிரந்தர வழி மூன்று பின் சார்ஜர், ஒழுங்கான எர்த், லேப்டாப் ஸ்பீக்கர் எல்லாவற்றுக்கும் ஒரே எக்ஸ்டென்ஷன் பெட்டி. சித்திரை வெயிலில் எர்த் குழி காய்ந்து கிடந்தால் எர்த் சரியாக வேலை செய்யாது; தண்ணீர் ஊற்றியும் சரியாகாவிட்டால் எலெக்ட்ரீஷியனிடம் காட்டுங்கள். சத்தத்தை நிறுத்த எர்த் பின்னை உடைக்கும் யோசனையை யார் சொன்னாலும் கேட்க வேண்டாம், அது உயிரோடு விளையாடுவது.

கரண்ட் போனபின் சத்தம் புதிதாகத் தொடங்கினால் இன்வெர்ட்டர் ஸ்கொயர் வேவ் வகை. சார்ஜரைக் கழற்றிவிட்டு எடுங்கள். ஃபேன் ரெகுலேட்டர், சில எல்இடி பல்புகள், அருகில் கிடக்கும் மொபைல் ஆகியவையும் முணுமுணுக்கும். ஒவ்வொன்றாக அணைத்துப் பார்த்தால் ஆள் சிக்கிவிடும்.

தறி, கொலுசுப் பட்டறை, மே மாத வெயில்

அம்மாபேட்டை, கொண்டலாம்பட்டிப் பக்கம் வீடு என்றால் தறிச்சத்தம் இரண்டு வழியில் வரும். ஒன்று காற்று வழி, மற்றது தரை வழி. மேசைமேல் உள்ளங்கையைப் பரப்பி வையுங்கள். அதிர்வு கைக்குத் தெரிந்தால் மைக்குக்கும் தெரியும். மேசை ஸ்டாண்டும், மேசையில் கவ்வும் கை ஸ்டாண்டும் அந்த அதிர்வை நேராக மைக்குக்குள் கொண்டுபோகும். தரையில் நிற்கும் ஸ்டாண்டை எடுத்து, அடியில் தடித்த ஸ்பாஞ்ச், அதன்மேல் நாலாக மடித்த ஜமக்காளம் போடுங்கள். மைக்கை ரப்பர் கயிற்றில் தொங்கவிடும் ஷாக் மவுன்ட்டில் பொருத்துங்கள். பதிவுக்குப் பிறகு, அடிச்சத்தத்தை வெட்டும் ஹை-பாஸ் ஃபில்டரை 80 ஹெர்ட்ஸில் வைத்தால் அடியில் உருளும் மிச்சமும் போகும்; பெண் குரலுக்கு 100 வரை போகலாம்.

காற்று வழிச் சத்தத்துக்கு மைக்கின் முதுகைப் பயன்படுத்துங்கள். கார்டியாய்டு மைக் முதுகுப் பக்கத்தில் குறைவாகவே கேட்கும். ஆகவே மைக்கின் முதுகு தறிச் சுவரைப் பார்க்க வேண்டும், அப்படியானால் நீங்கள் தறிச் சுவரை நோக்கி உட்கார்ந்து பேச வேண்டும். தோன்றுவதற்கு நேர்மாறாக இருக்கும், சரியானது இதுதான். மைக் உண்மையில் பார்த்துக்கொண்டிருப்பது உங்கள் முதுகுக்குப் பின்னால் உள்ள சுவரை. அந்தச் சுவரில் போர்வை, மெத்தை, துணி நிறைந்த திறந்த பீரோ, ஏதாவது ஒன்று நிற்கட்டும். முட்டை அட்டை ஒட்டுவதால் சுவர் அழுக்காவதைத் தவிரப் பலன் சொற்பம். நல்ல இலவம்பஞ்சு மெத்தை ஒன்றை நிமிர்த்தி வைப்பது மேல்.

நாய்ஸ் ரிடக்‌ஷன் தறிக்கு உதவாது. அது ஃபேன் இரைச்சல்போல மாறாமல் ஓடும் சத்தத்தை மட்டுமே பிடிக்கும். டக்டக் என்று அடிப்பதை விட்டுவிட்டு உங்கள் குரலைத்தான் கடிக்கும். மாறாத சத்தத்துக்குக்கூட 6 முதல் 9 டிபி போதும். 20, 24 என்று ஏற்றினால் குரல் தண்ணீருக்கடியில் பேசுவதுபோல ஆகிவிடும். அதற்காக ஒவ்வொரு பதிவின் தொடக்கத்திலும் பத்து நொடி வாயைத் திறக்காமல் அறையை மட்டும் பதிவு செய்யுங்கள். எது இரைச்சல் என்று மென்பொருளுக்குக் காட்டும் நாய்ஸ் புரொஃபைல் எடுக்க அந்தத் துண்டு வேண்டும்.

கொலுசுப் பட்டறைகளின் கிண்கிணிச் சத்தம் இதற்கு மறுவகை. கூர்மையானது, ஆனால் சுவரைத் துளைக்கும் பலம் அதற்குக் கிடையாது. ஜன்னல் இடுக்கை அடைத்துத் தடித்த திரை போட்டாலே பெரும்பகுதி நின்றுவிடும்.

மே மாதத்தில் ஃபேனை அணைத்துவிட்டு அரை மணி நேரம் பேச முடியாது. காலை ஐந்து மணிக்கு எடுங்கள், அல்லது பத்துப் பத்து நிமிடமாக எடுங்கள். அந்தச் சூட்டில் லேப்டாப்பின் விசிறியும் அலறும். இரண்டு மீட்டர் யுஎஸ்பி கேபிள் வாங்கி, லேப்டாப்பை மைக்கின் முதுகுப் பக்கம் தள்ளி வையுங்கள்.

ஏற்காட்டில்

மலைமேல் சத்தம் இல்லை என்று நினைத்துப் போகிறவர்களுக்கு முதல் பாடம் தகர ஷீட் கூரை. மழை விழுந்தால் அன்றைய வேலை முடிந்தது, எந்த ஃபில்டரும் அதைக் கழுவாது. இரண்டாவது சில்வண்டு. இருட்டியதும் தொடங்கி, பேச்சின் தெளிவு இருக்கும் அதே உயர் அலைவரிசையில் கிறீச்சிடும். வெட்டினால் ‘ஸ’வும் ‘ச’வும் சேர்ந்து போகும். வார நாளின் முற்பகல் பரவாயில்லை. சனி ஞாயிறு ஏரிப்பக்கம் வண்டி ஹாரன்.

பெரிய எதிரி பனி. சுமார் 1500 மீட்டர் உயரத்தில் மேகமே வீட்டுக்குள் வந்துவிடும். கன்டென்சர் மைக்கின் உள்ளே உள்ள மெல்லிய தகட்டில் ஈரம் படிந்தால் மின்னூட்டம் கசியும். எண்ணெயில் கடுகு போட்டதுபோலப் படபடவென்று பொரியும் சத்தம் வரும். கேபிளை மாற்றினாலும் போகாது, மென்பொருளை மாற்றினாலும் போகாது. உலர்ந்த அறையில் ஒரு மணி நேரம் வைத்தபின் குறைந்தால் ஈரம்தான் என்று உறுதி. ஹேர் டிரையரை நேராகக் காட்ட வேண்டாம், தகடு கெட்டுவிடும். காற்றுப் புகாத டப்பாவில் சிலிக்கா ஜெல் பொட்டலங்களோடு ஒரு இரவு வையுங்கள். ஆரஞ்சு நிற ஜெல் ஈரம் குடித்ததும் நிறம் மாறும், அப்போது ஓவனில் 110 முதல் 120 டிகிரியில் இரண்டு மணி நேரம் காய வைத்து மறுபடி பயன்படுத்தலாம். அரிசியில் புதைப்பது தூசியைத்தான் ஏற்றும். குளிர்ந்து கிடந்த மைக்கை அடுப்பெரியும் அறைக்குள் கொண்டுவந்தால் உடனே திறக்க வேண்டாம்; டப்பாவோடு அரை மணி நேரம் அறைச் சூட்டுக்கு வரட்டும். மலையிலேயே குடியிருப்பவர்கள் டைனமிக் மைக் வாங்குவது நல்லது. ஈரம் அதை அவ்வளவாகத் தொடாது.

கோடை மழைக்கும் ஐப்பசி மழைக்கும் இடி கூடவே வரும். தூரத்து இடி காதில் விழுந்ததுமே சேவ் செய்துவிட்டு, சார்ஜரையும் பிராட்பேண்ட் மோடத்திலிருந்து வரும் லேன் கேபிளையும் கழற்றுங்கள். ஸ்விட்சை அணைத்தால் மட்டும் போதாது, பிளக்கைச் சுவரிலிருந்து வெளியே எடுக்க வேண்டும்.